செகண்ட் எம்.பி.பி.எஸ்-க்கு முன்னம் யோகா வகுப்பு: எதைச் செய்யலாம், எதை விடவேணும்?

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில மருத்துவ பீட மாணவர்களுக்கு, முக்கியமா செகண்ட் எம்.பி.பி.எஸ் சோதினை எடுக்கப்போற பச்சுக்கு (ஒரே வருஷத்து மாணவருக்கு), யோகா வகுப்பொண்டு தொடங்கலாம் எண்டு கதை போகுது. அனட்டமி, பிசியோலொஜி, பயோகெமிஸ்ற்றி மூண்டும் ஒண்டாத் தலையில ஏறி நிக்கிற நேரம். நித்திரை இல்ல, நெஞ்சு படபடப்பு, நாரி நோவு, பிடரி இறுக்கம், வைவா (வாய்மொழிச் சோதினை) எண்டாக் கை நடுக்கம். இதுதான் பொதுவான முறைப்பாடு.

கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் நல்லதா, நாளாந்தம் கொஞ்ச நேரம் நல்லதா? சோதினைக்கு எவ்வளவு காலத்துக்கு முன்னம் தொடங்கவேணும்? சூரிய நமஸ்காரம், கபாலபாதி எல்லாம் போடலாமா? பச்சில தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கு. ‘ஓம்’ சொல்லுறதில சிலருக்குத் தயக்கம். பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு ஒரு விரிவுரை மண்டபம் கிடைக்கும். யோகா மெத்தை ஒண்டும் இல்ல. சில பேர் கல்லடிக் கடற்கரையில வைப்பம் எண்டுறாங்க. கடைசியா, பலன் இருந்ததா எண்டு எப்படி அளக்கிறது? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விபரமாச் சொல்லுங்க.

கல்லடிப் பயிற்றுநர் எழுதியது:

நாளாந்தம் 15 நிமிடம் வையுங்கள் தம்பி. சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் என்று வைத்தால் முதல் கிழமை மண்டபம் நிறையும். மூன்றாம் கிழமை பாய் விரிக்கிற ஆள் மட்டும்தான் மிஞ்சுவார். பரீட்சைக்கு 6 முதல் 8 கிழமைக்கு முன் தொடங்கவேண்டும். படிப்பு லீவு விட்ட பிறகு தொடங்கினால் அதுவும் இன்னொரு பாடமாகத்தான் கனக்கும்.

தொடக்கத்துக்கு ஆசனம் வேண்டாம், ஒரு கதிரை போதும். நிலத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் கதிரையில் போடவேண்டும். இடுப்பும் முழங்காலும் ஏறத்தாழ 90 பாகையில் மடிந்திருக்கும். 3 நிமிடம் அப்படியே கிடக்கட்டும். நாள் முழுக்கக் குனிந்து படித்த நாரி இதிலேயே கொஞ்சம் இளகும். சுவரில் காலை உயர்த்துகிற விபரீத கரணியைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள். ஆனால் தொடையின் பின்தசை இறுகினவருக்குச் சுவரில் கால் நேராக நிற்காது, இடுப்பு தூக்கிக்கொள்ளும், நாரி நோவு கூடும். கதிரை அந்தப் பிரச்சினையைத் தராது. பிளாஸ்டிக் கதிரை மாபிளில் வழுக்கும் என்பதால் அதன் முதுகைச் சுவரோடு முட்டக் கொடுங்கள்.

அடுத்தது மார்ஜாரி, கையையும் முழங்காலையும் ஊன்றிப் பூனை மாதிரி நிற்கிறது. மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. மூச்சை எடுக்கும்போது வயிறு தாழும், விடும்போது முதுகு மேலே வளையும். மெதுவாக 8 தரம். பிழை வருகிற இடம் கழுத்து: கூரையைப் பார்க்க அண்ணாந்து வெட்டுவார்கள். பிடரி இறுகினவருக்கு அது தலையிடியைத்தான் கொண்டுவரும். பார்வை ஒரு முழம் முன்னால் நிலத்தில் நின்றால் போதும்.

அங்கிருந்தே பின்னால் போய்ப் பாலாசனம், ஒரு நிமிடம். பிட்டம் குதிக்காலில் படாதவர்கள் இடையில் தலையணை வைக்கலாம். நெற்றி நிலத்துக்கு எட்டாவிட்டால் இரண்டு கைமுட்டியையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அதில் சாய்க்கலாம். சாப்பாட்டைத் தவறவிட்டுப் பிளேன்டீயிலேயே ஓடுகிற பிள்ளைகளுக்கு நெஞ்செரிவு இருக்கும். குனிந்தால் அது கூடும், அவர்கள் இதை விட்டுவிடலாம். பிறகு சேதுபந்தம், அதாவது மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை மேலே தூக்குவது, மூன்று தரம், ஒவ்வொன்றிலும் 5 மூச்சு. பாதம் இடுப்பகலத்தில், கையை நீட்டினால் விரல்நுனி குதிக்காலைத் தொடுகிற தூரத்தில். மேலே நிற்கும்போது பக்கத்து ஆளோடு கதைக்கத் தலையைத் திருப்பக்கூடாது. கழுத்துச் சுளுக்கு வருவதே அப்படித்தான்.

மிச்சம் 8 நிமிடம். அதில் 5 நிமிடம் மூச்சு, 3 நிமிடம் மல்லாந்து அசையாமல் படுக்கிற சவாசனம். மூச்சு இப்படி: முதுகு நேராக, நிலத்திலோ கதிரையிலோ இருந்து, மூக்கால் 4 எண்ணும்வரை எடுத்து, 6 எண்ணும்வரை விடுவது. அவ்வளவுதான். 4-க்கு 6 கஷ்டமென்றால் 3-க்கு 4. அடக்கிப் பிடிக்கவே வேண்டாம். கும்பகத்தை ஆசிரியர் இல்லாமல், அதுவும் பதகளிப்பு உள்ள ஆளுக்குக் கொடுப்பது தேவையில்லாத வேலை. மூன்றாம் கிழமையில் விரும்பினவர்களுக்கு நாடிசுத்தி கொடுக்கலாம்: வலது கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடித்து, பெருவிரலால் வலது நாசியை மூடி, இடதால் எடுத்து, மோதிரவிரலால் இடதை மூடி வலதால் விட்டு, வலதால் எடுத்து இடதால் விட்டால் ஒரு சுற்று. மூக்கை நசுக்கத் தேவையில்லை, விரல் தொட்டால் போதும். தடிமன் பிடித்து ஒரு பக்கம் அடைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடவேண்டும்.

கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் வேண்டாம். அவை வேகமாக மூச்சு விட்டு உடம்பைக் கிளப்பிவிடுகிற பயிற்சிகள். ஏற்கெனவே நெஞ்சு அடிக்கிற ஆளுக்கு அதே உணர்வைக் கூட்டிக் கொடுக்கும். இரத்த அழுத்தம், வலிப்பு, ஹேர்னியா உள்ளவர்களுக்கு எப்படியும் கூடாது. சிரசாசனம் கேட்டு நிச்சயம் யாராவது வருவார்கள். அதுவும் இல்லை.

பாய்க்குக் காசு செலவழிக்க வேண்டாம். பன்பாய்க்கு மேல் மடித்த பெட்ஷீட், முழங்காலுக்குக் கீழே நாலாக மடித்த துவாய். ஆனால் பன்பாயில் நின்று காலை அகட்டுகிற ஆசனம் எதுவும் செய்யக்கூடாது, மாபிளில் அது வழுக்கிக்கொண்டு போகும். மேலே சொன்னதில் நிற்கிற ஆசனம் ஒன்றும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். கடற்கரை படம் எடுக்க நல்லது. மணலில் மணிக்கட்டு புதையும், முழங்கால் சரியும், காற்றில் சொல்கிறது கேட்காது, போகிற வருகிற ஆட்கள் நின்று பார்க்கிற இடத்தில் யாரும் கண்ணை மூடிப் படுக்கவும் மாட்டார்கள். மண்டபம்தான் சரி.

அரைமூச்சு எழுதியது:

பயிற்றுநர் சொன்ன 4-க்கு 6 என்ற கணக்கில் ஒரு சுற்று 10 செக்கன், அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா வந்த எண் இல்லை. இரத்த அழுத்தத்தை உணருகிற அழுத்தவாங்கிகள் இதயத் துடிப்பைத் திருத்துகிற அலையும் கிட்டத்தட்ட 10 செக்கனுக்கு ஒருக்காதான் வரும். மூச்சு அதோடு ஒத்துப்போகும்போது துடிப்பின் ஏற்ற இறக்கம் நன்றாக விரியும். மருத்துவ மாணவருக்கு இதை விரிவுரையாகச் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் ஒவ்வொருவரும் தன் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடட்டும். எடுக்கும்போது நாடி விரைவதும் விடும்போது தாழ்வதும் விரலிலேயே தெரியும். பிசியோலொஜியில் படித்த வேகஸ் நரம்பு அங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தால் ‘இதெல்லாம் சும்மா’ என்கிற ஆளும் கொஞ்சம் அமர்ந்து இருப்பார்.

பிழைத்துப்போகிற இடம் ஒன்று உண்டு, அதைப் பயிற்றுநர் சொல்லவில்லை. ‘ஆழமாக மூச்செடுங்கள்’ என்று சொல்லவே கூடாது. கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 மூச்சு, ஒவ்வொன்றும் 500 மில்லிலீற்றர். அதில் 150 வாயுமாற்றம் நடக்காத மூச்சுக்குழாய் வெற்றிடத்திலேயே நின்றுவிடும். நுரையீரல் சிற்றறைக்குப் போவது 350. 12 ஆல் பெருக்கினால் 4.2 லீற்றர். நிமிடத்துக்கு 6 மூச்சுக்கு இறங்கினால், அதே 4.2 லீற்றருக்கு ஒரு மூச்சு 850 மில்லிலீற்றர் போதும். ஆனால் நெஞ்சை நிமிர்த்தி 1.5 லீற்றர் இழுத்தால் சிற்றறைக் காற்றோட்டம் 8.1 லீற்றர், ஏறத்தாழ இரண்டு மடங்கு. காபனீரொட்சைட் இறங்கும், குருதி காரமாகும், அயனாக இருக்கிற கல்சியம் குறையும். விரல்நுனியும் உதட்டைச் சுற்றியும் விறைக்கும், தலை கிறுகிறுக்கும். பதகளிப்பு உள்ள பிள்ளை ‘யோகா செய்தாலும் எனக்கு வருத்தம் வருகுது’ என்று எழும்பிப் போய்விடும். விறைப்பு வந்தால் திருத்தம் லேசானது: எண்ணுவதை விட்டுவிட்டு, மூச்சைச் சிறிதாக்கி, வழமைக்கு விடவேண்டும். ‘இன்னும் ஆழமாக’ என்று சொன்னால் நிலைமை மோசமாகும். மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்கு மென்மையான மூச்சு என்று சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

நிந்தவூர் ராத்தா எழுதியது:

‘ஓம்’ பற்றிக் கேட்டிருந்தீங்க. அதை விட்டுவிடுங்க, அதுக்கு ஒரு விவாதமும் வைக்க வேணாம். எண்ணிக்கை போதும். சிங்களப் பிள்ளைகளும் இருந்தா எண்ணுறதை இங்கிலிஷ்ல எண்ணலாம், எல்லாருக்கும் ஒண்டுதான். ஆசனத்துக்குச் சமஸ்கிருதப் பேர் சொல்லாம ‘கதிரையில கால்’, ‘பூனை முதுகு’ எண்டு சொன்னாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

அஞ்சரைக்குத் தொடங்கினா மஃரிப் (பொழுதுபட்டதும் வாற தொழுகை) நேரத்துக்கு முன்னம் முடிஞ்சிரவேணும். நம்மட பக்கம் வருஷத்தில சில மாதம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னமே மஃரிப் வந்திரும், அதனால அந்த 15 நிமிஷத்தை இழுக்காதீங்க. நோன்பு மாதத்தில பின்னேரம் தண்ணி இல்லாத உடம்பு. அப்ப கதிரையில காலும் மூச்சும் மட்டும் போதும். குனிஞ்சு நிமிர்ற ஒண்டும் வேணாம், எழும்பினதும் தலை சுத்தும். இல்லாட்டி அந்த மாதம் மட்டும் இரவுத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு விடுதி அறையிலேயே செய்யலாம். நோன்பு திறந்து வயிறு நிரம்பின உடனே செய்ய வேணாம். பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலமாவது போகோணும்.

பெண் பிள்ளைகளுக்கு வேற அறை, பெண் ஆள் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருந்தாத்தான் வருவாங்க. வராட்டி ‘ஆர்வம் இல்ல’ எண்டு எழுதிப்போட்டிராதீங்க. சொல்லிக்கொடுக்கிறவர் ஆணோ பெண்ணோ, யாரையும் தொட்டுத் திருத்தக்கூடாது. வாயால சொல்லலாம், செஞ்சு காட்டலாம். மல்லாந்து படுக்கிறதுக்குத் தயக்கம் இருந்தா சவாசனத்துக்குப் பதிலா மேசையில கையை மடிச்சுத் தலையைச் சாய்ச்சு இருக்கலாம். சல்வாரோட இதில எல்லாத்தையும் செய்யலாம், தனி உடுப்புத் தேவையில்ல.

மண்முனை எழுதியது:

பயிற்றுநர் நிற்கிற ஆசனம் ஒன்றும் வைக்கவில்லை. அதற்காகச் சூரிய நமஸ்காரத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பத்து மணித்தியாலம் இருக்கையை விட்டு எழும்பாத ஆட்களுக்குப் படுக்கிற ஆசனம் மட்டும் கொடுத்தால் உடம்பில் ஒரு அசைவும் இல்லாமல் போகும். காலையில், வெயில் ஏற முதல், 12 நிலையையும் மூச்சோடு மெதுவாகக் கோர்த்து 4 சுற்று செய்தால் நல்லதுதான். பெயரில் தயக்கம் உள்ளவர்கள் அதைச் செய்யத் தேவையில்லை. வாவிக்கரையோரம் 20 நிமிட வேக நடையும் அதே வேலையைச் செய்யும். பின்னேரம் அடைத்த மண்டபத்தில், கச்சான் காற்று வீசுகிற காலத்து வெக்கையில் சூரிய நமஸ்காரம் வைத்தால் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. எழுதி எழுதி மணிக்கட்டு நொந்தவர்கள் உடம்பைக் கையில் தாங்குகிற நிலைகளில் முழங்காலை நிலத்தில் ஊன்றவேண்டும்.

கல்லடிப் பயிற்றுநர் எழுதியது:

காலைக்கு என்றால் எனக்கும் மறுப்பில்லை. இரவு நித்திரை இல்லாத ஆளுக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு அதைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கவலை. இரவில் கதிரையும் மூச்சும் போதும், அதுவும் போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு.

மனநலக் கிளினிக் எழுதியது:

வகுப்புத் தொடங்க முதல் ஒழுங்கு செய்யவேண்டியது ஒன்று இருக்கு. யோகா பரீட்சைப் பதற்றத்துக்கு உதவும், மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை ஆகாது. வகுப்பை நடத்துகிறவருக்கு எந்தப் பிள்ளையை அங்கால் அனுப்பவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் ஒவ்வொரு நாளும் மனம் விழுந்திருத்தல், விடிய மூன்று நான்கு மணிக்கு முழிப்பு வந்து பிறகு நித்திரை வராமை, சாப்பாடு விட்டுப்போதல், வார்ட்டுக்கும் வகுப்புக்கும் வராமல் அறையிலேயே கிடத்தல், ‘நான் இல்லாவிட்டால் நல்லம்’ என்ற மாதிரிக் கதை. கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே வைத்தியர் ஒருவர் பார்க்கவேண்டும், தனிய விடக்கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். படபடப்போடு உடம்பும் மெலிந்து கையும் நடுங்கினால் தைரொயிட் பார்க்காமல் ‘சோதினைப் பயம்’ என்று முடிவு கட்டக்கூடாது.

மருத்துவ மாணவர் உதவி கேட்காததற்குப் பெரிய காரணம், கிளினிக்கில் இருப்பவர் தன் விரிவுரையாளர் அல்லது சீனியர் என்பதுதான். ஆகவே வேறு வைத்தியசாலையின் மனநலக் கிளினிக் ஒன்றின் பெயர், நாள், நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். வரவு இடாப்பு வேண்டவே வேண்டாம். கையெழுத்து வாங்கத் தொடங்கிய நாளில் அது கட்டாய வகுப்பாகிவிடும்.

சவாசனத்தைப் பற்றியும் கவனம். கண்ணை மூடி அமைதியாகப் படுப்பது எல்லாருக்கும் ஆறுதல் தருவதில்லை. இந்தக் கரையில் போரிலும் 2004 சுனாமியிலும் ஆட்களை இழந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலருக்கு அமைதிதான் பழையதைக் கிளறும். ‘கண்ணைத் திறந்தும் வைத்திருக்கலாம், சுவரில் முதுகைச் சாய்த்து இருக்கலாம், வேண்டுமென்றால் வெளியே போகலாம்’ என்று ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம். கதவைப் பூட்ட வேண்டாம்.

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ராத்தா சொன்னபடி பெண்களுக்கு வேற அறை கேட்டுப் பாக்கிறம். ரெண்டு விஷயம் இன்னும் இருக்கு. வைவா, ஒஸ்கி (OSCE, நிலையம் நிலையமாப் போய்ச் செய்யிற செயல்முறைச் சோதினை) நடக்கிற இடத்தில, வெளியில வாங்கில காத்துக்கொண்டு இருக்கேக்க என்ன செய்யலாம்? அளக்கிறதைப் பற்றியும் ஒருத்தரும் சொல்லேல்ல.

அரைமூச்சு எழுதியது:

வாங்கில் இருக்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படவேண்டும், கை தொடையில், கண் திறந்தபடி நிலத்தில் ஒரு புள்ளியில். 4-க்கு 6, ஆறு மூச்சு, அதாவது ஒரு நிமிடம். பிறகு வழமையான மூச்சு. பெயர் கூப்பிடும்வரை விடாமல் செய்துகொண்டிருக்கக் கூடாது, முன்னர் சொன்ன விறைப்பு வந்துவிடும். பிராமரி நல்ல பயிற்சிதான், ஆனால் சோதினை மண்டப வாசலில் வண்டு மாதிரி இரைந்துகொண்டிருக்க முடியாது. ஒஸ்கியில் மணி அடித்து அடுத்த நிலையத்துக்குப் போகும்போது ஒரு நீண்ட வெளிமூச்சுக்கு மட்டும்தான் நேரம் இருக்கும். அதுவும் உதவும். ஒரு நிபந்தனை: இதைச் சோதினை நாளில் முதன்முதல் செய்யக்கூடாது. பழகாத ஆள் மூச்சைக் கவனிக்கத் தொடங்கினால் இதயம் அடிப்பதும் சேர்ந்து கேட்கும், பயம் கூடும்.

அளப்பதற்கு உணரப்பட்ட அழுத்த அளவுகோலின் 10 கேள்வி வடிவம் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4. மொத்தம் 0 முதல் 40. கேள்வி 4, 5, 7, 8 நல்ல பக்கமாகக் கேட்கப்பட்டவை, அவற்றின் புள்ளியைத் தலைகீழாக மாற்றவேண்டும். இதை மறந்துவிட்டுக் கூட்டினால் கணக்கே பிழைத்துவிடும். கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பதால் கிழமைக்குக் கிழமை கொடுப்பதில் பயனில்லை. தொடக்கத்தில் ஒருக்கா, எட்டாம் கிழமையில் ஒருக்கா.

பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கு. சோதினைக்கு முன் ஒருக்கா, சோதினை முடிந்து ஒருக்கா அளந்தால் யோகா செய்யாத ஆளின் புள்ளியும்தான் இறங்கும்! ஆகவே இரண்டாவது அளவையும் சோதினை தொடங்க முதலே எடுங்கள். ஒப்பிடுவதற்கு, விரும்பிப் பெயர் தந்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை முதலில் சேர்த்து, மற்றப் பாதியை இரண்டாவது அளவு முடிந்த பிறகு சேர்க்கலாம். 1999இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் 50 பேரில் பார்த்தது. சாதாரண நாளில் இருந்த பதகளிப்பும் குறைந்தது, சோதினை நெருங்கும்போது ஏறுகிற அளவும் குறைந்தது என்று எழுதினார்கள். இந்தத் துறையில் வந்த ஆய்வுகள் பலவும் இப்படிச் சின்னவைதான். தான் யோகா செய்கிறோம் என்பது செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை, அதனால் நம்பிக்கையின் பங்கைப் பிரித்தெடுப்பது கஷ்டம். பலன் உண்டு, ஆனால் மிதமானது என்ற அளவில் நில்லுங்கள். முடிவை எங்காவது வெளியிடுகிற எண்ணம் இருந்தால் பீடத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதல் அளவுக்கு முன்னமே எடுக்கவேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

மண்முனை எழுதியது:

இன்னுமொன்று. ஜூன் 21 சர்வதேச யோகா தினத்துக்குத் தொடக்க விழா வைப்பம் என்று யாராவது வருவார்கள். பனர், பிரதம விருந்தினர், ஒரே நிற ரீசேர்ட். உங்கள் சோதினைத் திகதியிலிருந்து 8 கிழமை பின்னால் எண்ணுங்கள், அந்தத் திங்கட்கிழமை தொடங்குங்கள்.

கல்லடிப் பயிற்றுநர் எழுதியது:

சவாசனத்தில் நித்திரையாகிப் போகிறவர்கள் இருப்பார்கள். இரவு முழுக்க முழித்திருந்த பிள்ளை என்றால் எழுப்பாமல் விடுங்கள், அதற்கு அதுதான் தேவை. பிறகு படிக்க வேண்டியவர்கள் முழங்காலை மடித்துப் பாதத்தை நிலத்தில் ஊன்றிக்கொண்டு படுத்தால், கண் அயரும்போது கால் சரிந்து தானாக முழிப்பு வரும். எழும்பும்போது வலது பக்கம் திரும்பி, கையை ஊன்றி, கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பவேண்டும். மண்டபத்து ஃபேனை நடுவேகத்தில் விடுங்கள். முழுவேகத்தில் விட்டால் வியர்த்த உடம்பு குளிர்ந்துவிடும்.